அந்திக்கு முன் வந்த அஸர்

கல்முனைக் கடைத் தெருவில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், சத்தம் புகாமல் ஜன்னலை அட்டையால் அடைத்த அறை. எங்கள் ஊர் இணைய வானொலி அதற்குள்தான் மூச்சு விடுகிறது, நானும். கடல் நடக்கிற தூரம். நோன்பு மாதத்தில் எட்டிப் பார்க்கவும் விடாது இந்த அறை. வீடுகளில் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்து, அந்தித் தொழுகையான மஃரிபுக்கு நாங்கள் விடும் பாங்கைக் கேட்டு நோன்பு திறக்கிறார்கள். இது நடந்த அன்று என் மகளுக்கு முதல் முழு நோன்பு.

பாங்கை விடுவது ஒரு சர்வர் கணினி. அமைத்துத் தந்த மச்சானுக்குக் கத்தாரில் வேலை. அதுவும் கத்தார் நேரத்திலேயே ஓடியது. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் நம் நேரத்தில் இரண்டரை மணித்தியாலம் கழித்துக் கழித்து எழுதி அலுத்துப்போனேன். இங்கே அந்தி, பெட்டிக்குள் பாலைவன வெயில். இரண்டுக்கும் நடுவில் நான்.

பிற்பகல் அஸர் பாங்கு போனதும், ஒலிபரப்பை நிறுத்தாமலே நேர வலயத்தை இலங்கைக்கு மாற்றினேன். வக்துகளையும் நம் நேரத்தில் எழுதினேன். திரையிலிருந்த மணிக்கூடு ஒரே தாவலில் ஊர் வந்து சேர்ந்தது. பெருமையாக மச்சானுக்கு அறிவித்தேன்.

பதில் மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் வந்தது. நேரலைக்கு வந்த மௌலவி என் முழங்கையோரம் மைக்கில் பிரார்த்தனை துஆ ஓதிக்கொண்டிருந்தார். மணிக்கூட்டை மட்டும் மாற்றினால் காணாது, பாங்கை விடுகிற புரோகிராம் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கு என்று எழுதியிருந்தான். கணக்குப் பார்த்தேன். இன்னும் கத்தார் நேரத்தில் நிற்கிற அந்தப் புரோகிராமுக்கு, நான் புதிதாய் எழுதிய அஸர் நேரம் இப்போதுதான் வரப்போகிறது.

மைக் திறந்திருந்தது. வாய் திறக்க முடியாது. விரல் விசைக்குப் போகுமுன் மௌலவியின் குரலை விழுங்கிக்கொண்டு பாங்கு எழுந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் ஒரே பதிவு. அஸர் என்று யாருக்குத் தெரியும்? கீழே தெரு அடங்கியது. எத்தனை கைகள் வாய்க்குப் போகின்றன என்று அந்த அட்டைச் சுவரையே பார்த்தபடி விசைகளைத் தட்டினேன். இரண்டு முறை 'அல்லாஹு அக்பர்' போன பிறகே அது நின்றது. மௌலவி மைக்கை இழுத்தார்.

"பொறுங்க. ஆரும் வாயில வைக்காதீங்க. இன்னும் மஃரிப் ஆகல்ல."

புரோகிராமைத் திரும்பத் தொடங்கினேன். மஃரிப் சரியாகப் போனது. தொழுதுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மகள் பாயில் இருந்தாள். முன்னால் பாதிப் பேரீச்சம்பழம். மற்றப் பாதியை விழுங்கிவிட்டாளாம். மௌலவி சொன்ன பிறகு, இரண்டாவது பாங்கு வரும்வரை தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தாளாம், மனைவி சொன்னாள்.

"இந்த நோன்பு சேருமா, வாப்பா?"

"பெருநாளைக்குப் பிறகு இதுக்கு ஒண்டு புடிப்பம், மகள். ரெண்டு பேரும்."

"அண்டைக்கு நீங்க ரேடியோவுக்குப் போகப்படாது."

ஓம் என்றேன். சொல்லும்போதே ஒரு கால் செருப்புக்குள் நுழைந்திருந்தது. இரவு இஷாவுக்குப் பாங்கு இருக்கிறது.