பூஜை போட்ட குண்டு

என் தங்கை அம்சவல்லி ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சலில் பிழைத்தாள். கணவன் விட்டுப்போன பிறகு, பதினோரு முறை தாலுகா ஆபீஸ் ஏறித் தன் பெயரில் ரேஷன் கார்டு வாங்கினாள். ஒரகடத்தில் ஒரு பழைய இரும்பு யார்டில், ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த தரம் பிரிக்கும் வேலையில் நுழைந்தாள். காந்தம் வேண்டாம், தூக்கிப் பார்த்தே இன்ன உலோகம் என்பாள். வீட்டில் நான் எட்டாவது வரை படித்தேன். அவள் மாடு பார்த்தாள். அதனால் கைநாட்டுதான்.

2023-இல் வெளிநாட்டு லோடு ஒன்றில் முழ நீள உருளை வந்து தரையில் கிடந்தது. அடிப்பக்கம் செம்பு வளையம். பைப் என்று சொல்லி, சூப்பர்வைசர் தணிகாசலம் ஆபீஸ் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அக்டோபர் 23 ஆயுத பூஜைக்கு, எல்லா இரும்புக்கும் வைத்ததுபோல் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள்.

25-ஆம் தேதி, செம்புக்காக அதை கேஸ் வைத்து வெட்டச் சொன்னார் தணிகாசலம். எடுத்துவரப் போன அம்சவல்லி, தூக்கியதும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய் கேஸ் சிலிண்டரை மூடினாள்.

"இன்னாம்மா பண்ற? பூஜை போட்ட பைப்பும்மா!" என்றார் கட்டர் ராஜாமணி.

"ரெண்டு பக்கமும் மூடிக்கீது. பைப்பு இந்தக் கனம் கனக்காதுண்ணா. வெட்டுறதுன்னா வெட்டு, நான் கேட்டாண்ட போயிடறேன். உன் பொண்டாட்டிக்குச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

அவளே போலீசுக்குப் போன் போட்டாள். மறுநாள் ராணுவத்தார் வந்தார்கள். சந்தனத்தைத் துடைத்து எழுத்தைப் படித்து, அளந்து, பீரங்கிக் குண்டு, உள்ளே மருந்து அப்படியே இருக்கிறது என்றார்கள். மணல் மூட்டை அடுக்கி எடுத்துப் போனார்கள். போகுமுன் ஒருவர் கேட்டார், "முதல்ல பார்த்தது யாரு? இதுல கையெழுத்துப் போடுங்க."

தணிகாசலம் முந்திக்கொண்டு போட்டார்.

போலீஸ் விசாரணை என்று யார்டு மூன்று நாள் மூடிக்கிடந்தது. பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகும் பெண்கள், "வெடிகுண்டு வல்லி" என்று அவளைக் கேலி பேசினார்கள். அவள் என் முன்னால் நோட்டை வைத்தாள். "என் பேர எழுதக் கத்துக்குடுக்கா. இனிமே எவனும் எனக்கு முந்திப் போடக்கூடாது." மூன்று நாளில் கற்றுக்கொண்டாள்.

யார்டு திறந்த அன்று தணிகாசலம் கூப்பிட்டார். "நீதான் கண்டுபுடிச்சன்னு மேல எழுதறோம்மா. கையெழுத்துப் போடு." போட்டுவிட்டு, நகலைச் சிரித்துக்கொண்டே என்னிடம் கொண்டுவந்தாள். படித்தேன். சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று டைப் அடித்திருந்தது. கீழே ஓர் எழுத்தும் பிசகாமல், அம்சவல்லி. தேதி 30.10.2023.