சின்னாளப்பட்டியில் நாலு நாள், ஒன்பது இட்லி

திண்டுக்கல்லில் இருந்து சின்னாளப்பட்டி பதினோரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் கண்ணை மூடினால் திறப்பதற்குள் ஊர் வந்துவிடும். "இதுக்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா?" என்று நம் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியை (என் பெஞ்சில் எனக்கு இடது பக்கம் உட்காருகிறவள்) கேட்டாள். தூரம் பஸ்ஸுக்குத்தான் பதினோரு கிலோமீட்டர், எனக்கு ரொம்ப ஜாஸ்தி ஆகிவிட்டது என்றேன். அடுத்த வருஷம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர்கள் நம் பள்ளிக்கூடத்திலேயே இருப்பீர்கள். உங்களுக்காக எழுதுகிறேன். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

நடந்தது 1986 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம், வியாழன் முதல் ஞாயிறு வரை. வெளிநாட்டு ஆட்களும் நம் ஆட்களும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தங்கிப் பழகட்டும் என்று ஒரு நட்புச் சங்கம் வருஷா வருஷம் விருந்தாளிகளை அனுப்புகிறது. இதுவரை அவர்களைப் பங்களா வீடுகளில்தான் தங்க வைத்தார்கள். இந்த வருஷம்தான் முதல் தடவையாக நெசவாளர் வீடுகளில் ஐந்து பேர். அதற்குச் சண்டை போட்டது என் அப்பாவின் தங்கை நாகம்மாள் அத்தை. கூட்டத்தில் யாரோ "அந்த வீடுகள் வசதிப்படாது" என்றபோது எழுந்து, "வசதியப் பாக்க வாராகளா, மனுசரப் பாக்க வாராகளா?" என்று கேட்டதாம். பொறுப்பாளரான எங்கள் இங்கிலீஷ் டீச்சர், "சரி, ஒரு தடவை பார்ப்போம். சரிப்படாவிட்டால் எல்லாருக்கும் லாட்ஜ்தான்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க நான். இங்கிலீஷில் முப்பத்தைந்து மார்க் வாங்கியவள் கையில் இரண்டு தேசங்களை ஒப்படைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை மெட்ராஸ் ரயில் நாற்பது நிமிஷம் லேட். ஆறரைக்கு வந்தது. ஹருகோ இறங்கினாள். ஜப்பான்காரி, இருபத்திரண்டு வயசு, முதுகில் ஒரு பை. என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னாள். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். நானும். குதிரைவண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கீழ எதையும் தொலைச்சிட்டீகளா?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி மூன்று ரூபாய். ஏழேகாலுக்கு டவுன் பஸ், ஆளுக்கு எண்பது காசு, முப்பத்தைந்து நிமிஷம். இடது பக்கம் உட்காருங்கள், சிறுமலை முழுசாகத் தெரியும்.

இறங்கி அரை கிலோமீட்டர் நடை. அத்தை வீட்டுத் தெருவில் அன்றைக்குப் பாவு போட்டிருந்தார்கள். தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பதுதான் பாவு. இடுப்பு உயரத்தில் நிற்கும். அத்தை வீடு அதற்கு அந்தப் பக்கம். நெசவுக் குடும்பத்தில் பிறந்த நான் குனிந்து நுழையப் போனேன். ஹருகோ நின்றாள். நூலைப் பார்த்தாள். பையை முதுகில் இருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை நடந்து சுற்றிக்கொண்டு வந்தாள். பாவுக்குக் கஞ்சி பூசிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அத்தை வாசலில் இருந்து என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்குத் தெரியுது. ஒனக்குத் தெரியல பாரு, பாவி" என்றது. பாவால் பாவி ஆனேன்.

வம்பு மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தது.

ஹருகோவின் ஊரில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது மாதிரி. நம் ஊரில் இலை காலியானால் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடிவருவாள். ஆகவே அத்தை சோறு வைத்தது, ஹருகோ துடைத்து வைத்தாள், அத்தை வைத்தது, ஹருகோ துடைத்தாள். கிணற்றுச் சகடை மாதிரி ஒரு பக்கம் ஏற ஒரு பக்கம் இறங்க. மூன்றாவது சுற்றில் அவள் என் காதில், "எப்படி நிறுத்துவது?" என்று கேட்டாள். இலை மேல் கையை வை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்கு முப்பத்தைந்து மார்க் தாராளம்.

நான் சொன்னது: "மிச்சம் வைத்தால் அத்தை அழுதுவிடும்."

அத்தை, "என்ன கேக்குது?" என்றது. "இன்னும் வேணுமாம் அத்தை. கேக்க வெக்கமாம்."

அத்தை முகம் பூத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் உற்சாகம். மொழிபெயர்க்கச் சொன்னார்கள், நான் மொழியைப் பெயர்த்தே எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது இட்லி. சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினேன். செய்தி தெருவில் பரவி, மத்தியானம் எதிர்வீட்டு ராசாத்தி அக்கா உட்பட நாலு பேர் ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் வெஞ்சனம் கொண்டுவந்து நின்றார்கள். அவரைக்காய், கத்தரிக்காய், சுண்டவத்தல், கருவாடு. "எங்க வீட்டதும் செத்த ருசி பாக்கச் சொல்லு, புள்ள." ஹருகோ எல்லாவற்றுக்கும் தலை குனிந்தாள், எல்லாவற்றையும் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை சோறு எடுத்தபோது அத்தை அவள் முகத்தைப் பார்த்துக் கரண்டியை ஒரு நொடி அப்படியே பிடித்தது. பிறகு நின்றுகொண்டிருந்த நாலு பேரையும் பார்த்தது. வைத்துவிட்டது.

சனிக்கிழமை விடியும்போது ஹருகோ கொல்லைப்புறத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர் வந்து பார்த்து, "அளவுக்கு மீறிய சாப்பாடு, புது ஊர்க் காரம். மோரும் கஞ்சியும் போதும். சாயங்காலம் எந்திரிச்சிரும்" என்றார். ஆனால் டாக்டர் சொன்னது தெருமுனை தாண்டவில்லை. ராசாத்தி அக்கா சொன்னது தாண்டியது: "எண்ணெய் பழசா, தண்ணி கொதிக்கலயா, என்னத்தப் போட்டுக் குடுத்தாளோ." முந்தின நாள் கிண்ணத்தோடு வந்த அதே வாய்.

பத்தரைக்கு டீச்சர் மொபட்டில் வந்து இறங்கினார். கத்தவில்லை. ஐந்து விருந்தாளிகளையும் மத்தியானமே திண்டுக்கல் லாட்ஜுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். வீடுகளில் தங்க வைப்பது இனி இல்லை. நம் ஊர்ச் சங்கத்துக்கும் விருந்தாளிகள் ஊர்ச் சங்கத்துக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

தறிச் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அத்தை வீட்டுக்கார மாமா தறிக் குழிக்குள் காலை விட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை ஹருகோவின் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னது: "கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஏங்கை சுத்தமில்லன்னு மட்டும் எழுதிராதீக."

கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்ட அத்தை அது. இப்போது தலையைத் தூக்கவில்லை.

  சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, இரண்டு மொழியும் என்னிடம்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சுவரில் நான் போட்ட ஒன்பது கரிக்கோட்டைக் காட்டி, "நான்தான்" என்றேன். பிறகு முழுசாகச் சொன்னேன். முதலில் தமிழில், டீச்சருக்கும் அத்தைக்கும். அடுத்து பாய் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில், ஹருகோவுக்கு. இரண்டாவது தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது, அவள் கேட்டுக்கொண்டே புன்னகை செய்தாள்.

"நேற்றே தெரியும்" என்றாள். "நீ உன் இலை மேல் கை வைத்தாய். உனக்கு மட்டும் சோறு வரவில்லை."

"பின்னே ஏன் சாப்பிட்டீங்க?"

அவள் அத்தையைக் கைகாட்டினாள். "இந்த அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் சத்தம் தினமும் எனக்குக் கேட்கிறது. எப்படி வேண்டாம் என்பது?"

அதை ஒரு சொல் மாற்றாமல் அத்தையிடம் சொன்னேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தது. அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. "ஏ புள்ள, இனி நீ வாயத் தொறக்கக் கூடாது. நாங்களே பேசிக்கிருவோம்" என்றது. டீச்சர் துணி அடுக்கிய பையைக் கையில் எடுத்தார், அத்தையைப் பார்த்தார், பையைத் திரும்பக் கீழே வைத்தார். "ரிப்போர்ட்டை நீயே எழுது, செல்வி. என்ன நடந்ததோ அது. உன் கையெழுத்தோட."

அன்று சாயங்காலத்தில் இருந்து நான் வேலையில்லாத மொழிபெயர்ப்பாளர். மூலையில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். அத்தை சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்தது. துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் முக்கி அவிழ்த்தால் வட்டவட்டமாய்ப் புள்ளி விழும். கஞ்சி குடித்துத் தெம்பாகியிருந்த ஹருகோ நகர்ந்து வந்து ஒரு முனையை எடுத்தாள். கிள்ளினாள், சுற்றினாள், பல்லால் நூலைக் கடித்து இறுக்கினாள். அவள் ஊரிலும் இதே மாதிரி முடிச்சு உண்டாம். எனக்கு அது அப்புறம்தான் தெரியும். அத்தைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் முடிச்சை விரலால் தடவி, அவிழ்த்து, தன் முடிச்சைப் போட்டுக் காட்டியது. ஹருகோ அதை அவிழ்த்து மறுபடி தன்னுடையதைப் போட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக அந்த வீட்டில் எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் கடைசிச் சாப்பாடு. ரசம், அப்பளம், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அத்தை கரண்டியோடு வந்தபோது ஹருகோ இலை மேல் கையை விரித்து, "போதும், அத்தே" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தை விரல் சந்தில் இலை தெரிந்த இடமாகப் பார்த்து, ஒரு கைப்பிடிச் சோறு வைத்தது. ஹருகோ அதைத் தொடாமல் எழுந்து கை கழுவினாள். இலையை எடுக்கச் சொன்னது என்னை. அந்தக் கைப்பிடிச் சோற்றோடு எடுத்துக்கொண்டு போனேன். யாரும் அழவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு வந்து, நான் எழுதிய ரிப்போர்ட்டை அத்தைக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஹருகோவிடம் சொன்ன பொய், அத்தையிடம் சொன்ன பொய், ஒன்பது கோடு, எல்லாம் இருந்தது. அத்தை முழுசும் கேட்டது.

"ஒண்ண விட்டுட்டியே."

"என்னத்தே?"

"வெள்ளிக்கிழம மூணாவது தடவ நான் வைக்கும்போது அதும் மூஞ்சி மாறிருச்சு. கண்டுக்கிட்டேன். நாலு பேரு பாத்துக்கிட்டு நிக்கிறாகளேன்னு வச்சேன். அதையும் எழுது."

எழுதினேன். அந்த வரி இரண்டு ஊர்ச் சங்கத்துக்கும் போயிருக்கிறது. அடுத்த வருஷமும் வீடுகளில்தான் என்று போன வாரம் டீச்சர் சொன்னார். ராசாத்தி அக்கா வீடும் பட்டியலில் இருக்கிறது.

போகிறவர்கள் கவனிக்க: காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடியுங்கள், எட்டரைக்கு மேல் நிற்கக்கூட இடம் இருக்காது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பாவு போட்டிருந்தால் சுற்றிப் போங்கள், குனிந்து நுழையாதீர்கள். விருந்தாளி உங்கள் காதில் ஏதாவது கேட்டால், சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் தடவையே இலை மேல் கையை வைத்துவிடுங்கள். விரலைச் சேர்த்து வையுங்கள்.