பயிற்சிக்கு வராத தாயி

கணவருக்குத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை கிடைத்து நாங்கள் கோவையிலிருந்து வந்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் மனையியல் படித்தவள். இரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகங்கள் எங்கள் பக்கம் ஏழெட்டு இருந்தன. அங்கே வேலை செய்யும் பெண்களைக் கூட்டிவைத்து, எந்த வயதுக்கு என்ன கொடுப்பது, எப்படி ஊட்டுவது என்று சொல்லித்தருவது என் பொறுப்பு.

முதல் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு ஒருவர், அவரும் பாதியில் எழுந்து போனார். பணியாளர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று அறிக்கை எழுதினேன். ஆர்வத்தை உண்டாக்கத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றார் எங்கள் அலுவலக அதிகாரி. மறுநாளே, ஒரு தடவைகூட வராத ஒருவரைத் தேடி, ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த காப்பகத்துக்குப் போனேன்.

அவர் தமிழர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பிறந்ததே தேஹு ரோடில்தானாம். நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் அவரைத் தாயி என்று கூப்பிட்டார்கள், மராத்தியில் அக்கா. எனக்கும் அதுவே வாயில் வந்தது. ஒரே அறை, பத்தொன்பது பிள்ளைகள். இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றின் கால்சட்டையை மாற்றியபடியே பேசினார்.

"வர எனக்கும் ஆசதான் மேடம். கூட ஒத்தாசைக்கு இருந்த மௌஷி வேலைய விட்டுப் போயி நாலு மாசமாச்சு. நான் கிளம்பி வந்துட்டா இதுங்கள யாரு பாக்கறது?"

அறிக்கையில் எழுதியது நினைவுக்கு வந்து முகம் சுட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் போய்வரட்டும், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வகுப்பை என்னுடன் வேலை செய்பவர் எடுப்பார். தாயி நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, கிச்சடி செய்து மூடி வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அந்த மூன்று மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. கிச்சடியைத் தட்டுகளில் போடுவதற்குள் ஒருவன் வாசல் தாண்டி ஓடினான். அவனைப் பிடித்து வருவதற்குள் இரண்டு தட்டு கவிழ்ந்திருந்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. அதன் மணிக்கட்டு என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அம்மா கட்டட வேலை. மடியில் வைத்து, கண்ணைப் பார்த்து, அவசரப்படாமல் ஊட்டுங்கள் என்று நான்தான் வகுப்பில் சொல்வேன். இரண்டு வாய் ஊட்டுவதற்குள் நான்கு தடவை எழுந்தேன். ஐந்தாம் தடவை திரும்பியபோது குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. கடைசியில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டது.

தாயி திரும்பி வந்தபோது என் கையில் பாதி பிஸ்கட் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பரவால்ல மேடம், நானும் அதான் செய்வேன்" என்றார். பிறகு உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபடி, "நாச்ணி கஞ்சி சொல்லிக்குடுத்தாங்க. நம்ம கேழ்வரகுதானே, எனக்குத் தெரியாதா? இவள மடில வெச்சு அரை மணி நேரம் ஊட்டணும். அந்த அரை மணி நேரந்தான் எங்கிட்ட இல்ல" என்றார்.

இன்னொரு ஆள் போடச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். பயிற்சி மட்டும்தான் நம் வேலை என்றார்கள். காப்பகத்தை நடத்தும் கமிட்டியிடம் போனேன். பார்க்கலாம் என்றார்கள். வேறு வழி தெரியாமல் நானே வாரத்தில் இரண்டு மதியம் அங்கே போய் உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகளை நான் பார்க்க, தாயி அந்தக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினார். ஒரு மாதத்தில் அது எழுந்து நின்றது. கமிட்டி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் முடிந்த வாரம் நான் போனபோது குழந்தை இல்லை. கொஞ்சம் தூரத்திலிருந்த பாணேரில் பெரிய கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. அம்மாவுக்கு அங்கே வேலை, மேஸ்திரி அவர்களைக் குடும்பத்தோடு அழைத்துப் போய்விட்டார். அங்கே குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று தாயி கேட்டாராம். மூத்தவள் இருக்கிறாள் என்று சொன்னாளாம் அம்மா. மூத்தவளுக்கு ஐந்து வயது.

தாயி நாச்ணியை வறுத்து அரைத்து ஒரு டப்பாவில் கொடுத்தார். பாணேர் போய்த் தேடினேன். எந்தக் கட்டடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில் மணல் குவியல்மேல் நான்கைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தேன். அவள் இல்லை. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் டப்பாவைக் கொடுத்தேன். இது எதற்கு என்று கேட்டாள். என் அரைகுறை இந்தியில், எவ்வளவு தண்ணீர், எத்தனை கரண்டி என்று சொல்ல ஆரம்பித்தேன். மேலேயிருந்து யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். அவள் டப்பாவை மணலில் வைத்துவிட்டு, கைக்குழந்தையைப் பெரிய பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.