அவர் பெயரை வாய்விட்டுச் சொன்ன காலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு விளக்கு போட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போன என் வீட்டுக்காரர், கடை முன்னாலேயே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "நாம சொல்றது அவருக்குப் புரியுதும்மா. பதில் சொல்லத்தான் வார்த்தை வர மாட்டேங்குதுன்னு டாக்டர் சொல்றார்" என்று என் மகன் சொன்னான்.

கொஞ்ச நாளில் அவரைப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையிலேயே கிளம்பிப் போய்விடுவேன்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் தலை நிமிர்ந்து குடும்பம் நடத்தியவள். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார், நான் கேன்டீனில் சமைத்தேன், பிள்ளைகளைக் கரையேற்றினோம். யாரிடமும் வாய் கொடுத்து நான் தோற்றதில்லை. அவர் பேச்சுக் குறைவான மனிதர். எங்கள் வீட்டில் அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

அதையேதான் ஆஸ்பத்திரியிலும் செய்தேன். அவர் வாயைத் திறந்து "த... த..." என்று ஆரம்பித்தால் போதும். "தண்ணியா? தலைவலியா? தலையணை வேணுமா?" என்று அடுக்குவேன். நர்ஸ் வந்து அவரிடம் ஏதாவது கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் வரும்.

"அம்மா, நீங்க பேசிட்டே இருந்தா அப்பா எப்பம்மா பேசுவாரு? அவருக்கும் ஒரு சான்ஸ் குடுங்க லா" என்றான் மகன்.

"நாப்பது வருஷமா கொடுத்த சான்ஸ்லயே பேசாதவரு, இப்பவா பேசப் போறாரு?" என்று அவன் வாயை அடைத்தேன்.

போகப் போக அவர் அந்த "த... த..." கூட சொல்வதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். சோறு ஊட்டினால் வாங்குவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். கூப்பிட்டால் பார்க்க வேண்டும், சொன்னதைச் செய்ய முயல வேண்டும், அப்போதுதான் நிற்கவும் நடக்கவும் பழக்கி வீட்டுக்கு அனுப்ப முடியும், இப்படியே கிடந்தால் முதியோர் இல்லம்தான் வழி என்று பக்குவமாகச் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கே முட்டி வலிம்மா. தனியா எப்படித் தூக்குவீங்க?" என்றான். "அவரு என் வீட்டுக்குத்தான் வருவாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்கிறார்களே, பேச்சுப் பயிற்சி தருபவள். மலாய்க்காரப் பெண், முக்காடு போட்டிருந்தாள், என் மகள் வயது இருக்கும். எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் இரண்டு பேரும் மலாயிலேயே பேசிக்கொண்டோம்.

"அங்கிளை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். "ஏங்க" என்றேன். மறுநாள் வந்தவள் நேராக அவர் முகத்துக்கு எதிரே குனிந்து, "ஏங்க! செலாமட் பாகி, ஏங்க!" என்று மலாயில் காலை வணக்கம் சொன்னாளே பார்க்கணும்! பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நம்ம ஊர் நர்ஸம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ, அது பேரு இல்ல! இவங்க வயசுல எல்லா ஆன்ட்டிக்கும் புருஷன் பேரு அதான்" என்று விளக்கம் சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவள் சொன்னாள்: இப்படி அடிபட்ட மூளைக்கு, நாலு சத்தம் சேர்ந்து வந்தால் ஒரே இரைச்சலாகக் கேட்குமாம். சொந்தப் பெயர் மட்டும் சட்டென்று உள்ளே போகுமாம். எதிரே வந்து, பெயர் சொல்லி, அவர் பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். "அதிலும் அவருக்குப் பழக்கமான குரல்ல கேட்டா இன்னும் நல்லது. நீங்க கூப்பிடுங்க ஆன்ட்டி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. கவுன்டரில் யாராவது கேட்டால் அவர் ஐசியை, அதான் அடையாள அட்டையை, நீட்டுவேன். கோயிலில் அர்ச்சனை என்றால் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். அது சாமி பெயர் வேறு. தைப்பூசத்தில் கூட்டமே அந்தப் பெயரைச் சொல்லிக் கூவும்போது நான் "அரோகரா" மட்டும் சொல்வேன்.

"அது மட்டும் முடியாது" என்றேன் வெடுக்கென்று.

ஏன் என்று அதட்டவில்லை அவள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொன்னா என்ன ஆகும்னு பயமா இருக்கு ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, போனைத் தொடவில்லை. நான் எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

என் அக்கா ஒரு சண்டையில் கோபத்தில் தன் புருஷனைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டாள். அந்த வருஷமே அவர் போய்விட்டார். பெயரைச் சொல்லி ஆயுசைக் குறைத்தவள் என்று சாகும்வரை அவளைப் பேசினார்கள். "இவரும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் எங்கப்பா பேரைச் சொல்லவே மாட்டாங்க ஆன்ட்டி, 'அபாங்'னுதான் கூப்பிடுவாங்க. நீங்க சொல்ல வேண்டாம். வேற வழி பார்ப்போம்" என்றாள். மலாயில் அபாங் என்றால் அண்ணன், புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு யோசிக்கவே வந்தது. எல்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது நினைத்துப் பார்த்தேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இனி யார் இருக்கிறார்கள்? பெற்றவர்கள் இல்லை. அண்ணன் தம்பிகள் போய்விட்டார்கள். துறைமுகத்துக் கூட்டாளிகளும் ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு அப்பா, பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா, ஆஸ்பத்திரிக்கு அங்கிள். இந்த உலகத்தில் அவர் பெயரைச் சொல்ல மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நானும் சொல்ல மாட்டேன் என்றால், அந்த மனிதர் யாருக்காகத்தான் திரும்பிப் பார்ப்பார்?

மறுநாள் காலை போனதும் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கட்டிலைச் சுற்றிப் போய், சுவர்ப் பக்கம் அவர் முகத்துக்கு எதிரே நின்றேன். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூச்சை இழுத்து விட்டேன். பிறகு சொன்னேன். பெயரை மொட்டையாகச் சொல்ல நாக்கு வரவில்லை, கடைசியில் ஒரு "ங்க" சேர்த்துக்கொண்டேன்.

அவர் கண் என் மேல் வந்து நின்றது. முதலில் திகைத்துப் போனார். பிறகு பாதி முகம் மெல்லச் சிரித்தது. உதடு அசைந்தது.

"இ... இன்..."

எத்தனை வார்த்தை என் வாயில் வந்து முட்டியது தெரியுமா! இட்லியா, இன்ஜெக்‌ஷன் வலிக்குதா என்று கேட்க இருந்தேன். முந்தின நாள் அந்தப் பெண் எனக்காக உட்கார்ந்திருந்த மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றி வேர்த்தது. பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்து போனது. நான் வாய் திறக்கவில்லை.

"இன்...னொ...ரு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. இடது கையால் என் வாயைக் காட்டினார்.

இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறார்! நானும் சொன்னேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவருக்கும் அப்படித்தான். திரையை விலக்கிப் பார்த்த நர்ஸம்மா, ஒன்றும் கேட்காமல் மறுபடி மூடிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நிற்கப் பழகினார், கோல் ஊன்றி நடக்கப் பழகினார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். வார்த்தைகள் இன்னும் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. ஆனால் அவர் இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி இந்த இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியவந்தது ரொம்ப இருக்கிறது. நான் ஆசை ஆசையாகச் செய்து போட்ட பாகற்காய்ப் பொரியல் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம்! இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ... விடல" என்றார்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல நினைத்து நின்றேன். ஊருக்கே பதில் சொல்லும் எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கும் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

இப்போதும் அவர் ஒரு வார்த்தையைத் தேடித் திணறும்போது அதை எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்காக உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள்கிறேன், நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.