சென்ட் குடித்த கார்

நேற்று விமான நிலையக் கடையில் ஒரு பெண் என் மணிக்கட்டில் சென்ட் தெளித்ததும் சித்தப்பாவின் பழைய கார் உறுமுவது கேட்டது. போர்க்காலத் தடையால் ஊருக்குப் பெற்றோல் வராத தொண்ணூறுகளில் அது மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஆனால் ஸ்டார்ட் ஆவதற்குக் காபரேற்றருக்குள் நாலு சொட்டாவது பெற்றோல் விடவேண்டும், அதனால் எங்கே போனாலும் எஞ்சினை நிறுத்தாமல் இருமவும் குலுங்கவும் விட்டுவிட்டே இறங்குவோம். அக்காவின் கல்யாணத்தன்று, முகூர்த்தம் நெருங்க, இணுவில் கோயிலுக்குப் போகும் வழியில் அது நின்றேவிட்டது. பெற்றோல் போத்தலும் காலி.

"இனி நடக்கத்தான் வேணும், பிள்ளை," என்றார் சித்தப்பா.

பட்டுச்சேலையோடு இறங்கிய அக்கா, கைப்பையிலிருந்த வெளிநாட்டுச் சென்ட் போத்தலை நீட்டினாள்.

"இதுவும் நெருப்புப் பத்தும்தானே? ஊத்துங்கோ!"

கார் ஒரு தும்மல் தும்மி முழங்கியது, கூவிக்கொண்டு ஏறினோம். மணவறையில் அக்கா மண்ணெண்ணெய்ப் புகை மணக்க உட்கார்ந்திருந்தாள். வெளியே, நிறுத்தாமல் விட்ட கார் கல்யாணப் பெண்ணாக மணந்துகொண்டு நின்றது.