வாசலில் ஒரு சோதனை

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கிட்டங்கியில் அன்னத்தாய்க்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் காயை மடியில் ஒளித்திருக்கிறார்களா என்று வாசலில் நின்று தடவிப் பார்ப்பான் சூப்பர்வைசர் சூரியபிரகாஷ். அந்தப் பாழாய்ப்போன கை மடியோடு நிற்காது. ஒருநாள் அதைத் தட்டிவிட்டு, தேனிக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் புகார் கொடுத்தாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

விசாரணைக்கு வந்த முதலாளி எகிறினார். "களவாணிக் கழுதைக்கு ரோசத்தப் பாரு. சோதிக்காம விட்டா கிட்டங்கியே காலியாயிரும்."

"மூட்டை தூக்குற ஆம்பளைகளும் அதே வாசல்லதான போறாக," என்றாள் அன்னத்தாய். "அவுக மடியில இவன் ஒருநாளும் கை வச்சதில்லயே."

விசாரித்த அதிகாரியம்மா சூரியபிரகாஷைப் பார்த்தார். "ஏன்?"

அவன் யோசிக்காமல் சொன்னான். "தொட்டா அடிப்பாகம்மா."

"அதையும் எழுதிக்கிடுங்க," என்றாள் அன்னத்தாய்.