பரவைச் சந்தையில் பதினேழாம் துளி

மதுரை பசுமலையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம், பெங்களூரிலிருந்து ஒரு பெண் இரண்டு மாதம் எங்களோடு தங்கி வேலை செய்ய வந்தாள். படித்தது ஓவியம், செய்வது வீடியோ. கலைஞர்களை ஆய்வகங்களுக்கு அனுப்பி வைக்கிற ஓர் அமைப்பு அவளை எங்களிடம் அனுப்பியிருந்தது. விலங்கியல் துறையில் ஓவியக்காரிக்கு என்ன வேலை என்று ஆசிரியர்கள் யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. விருந்தினர் அறையின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் லென்ஸைக் கைவிரலால் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

முதல் வாரமே எங்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்த கொசுப்புழுக்களை நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்து, வராந்தாவில் ஒரு டிவி பெட்டியில் ஓடவிட்டாள். மாணவிகள் இரண்டு பீரியடு வகுப்புக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து வருடமாக நான் பார்க்கிற அதே புழுதான். ஆனாலும் அதன் வயிற்றுக்குள் பச்சையாக ஏதோ நகர்ந்து போவதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அடுத்து அவளுக்குச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. "அக்கா, இதைக் காலேஜுக்குள்ளயே வெச்சுக்கிட்டு என்ன பண்ண? பரவை மார்க்கெட்ல பெரிய துணி கட்டி, அங்க இருக்கறவங்களோட ரத்தத்தையே அவங்களுக்குக் காட்டலாம். ஒரு துளி போதும்ல?"

துறைத்தலைவர் யோசித்துவிட்டு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் புது ஊசி. குத்துவது நான் மட்டும். யார் பெயரையும் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ரத்தம் எடுக்கிறோம் என்றாலே "அந்த நோய்க்கான டெஸ்டா?" என்று எய்ட்ஸுக்குப் பயந்து ஜனங்கள் பின்வாங்கிய வருடங்கள் அவை. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் சரியாகவே பட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை சந்தைக் கூரைக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. பெங்களூர்ப் பெண் தன் விரலையே நீட்டி, "என்ன குரூப்னு சத்தமா சொல்லுங்க அக்கா" என்றாள். சொன்னேன். பக்கத்தில் நின்ற லோடு வேன் டிரைவர் ஒருவர், "குரூப்பு பாத்து அட்டையில எழுதித் தருவீகளா? லைசென்சுக்குக் கேக்குறாய்ங்க" என்றார். எழுதித் தருவோம் என்றதும் அவர் நாலு பேரைக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு எனக்குத் தலை நிமிர நேரமில்லை. மதியத்துக்குள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படம் காட்டும்போது சீட்டோடு வந்தால், அவரவர் ரத்தத்தின் புகைப்படம் ஒன்று கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினோம்.

மறுநாள், ரத்தத்தைத் தடவி வைத்திருந்த கண்ணாடித் தகடுகளுக்குச் சாயம் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது தகட்டில் கை நின்றுவிட்டது.

கல்லூரிக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். வெள்ளை அணு எப்படி இருக்கும், எத்தனை இருக்கும் என்பது எனக்குப் பாடம். இந்தத் தகட்டில் அவை அதிகமாக இருந்தன. பெரிது பெரிதாக, ஓரமெல்லாம் அடர்ந்த நீலத்தில், உட்கரு கோணல்மாணலாக. ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் தகடுகளில் இப்படிப் பெரிய அணுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, கவுன்டருக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள்போல "நாளைக்கு வாங்க" என்று சொல்வது என் வேலையாக இருந்தது. அது தாங்காமல்தான் அங்கிருந்து கல்லூரிக்கு வந்தேன்.

அவள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். "அய்யோ அக்கா, இது எவ்ளோ அழகா இருக்கு! இதைத்தான் கடைசியா, துணி முழுக்க வர்ற மாதிரி காட்டணும்."

"இத விட்ரு" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "யாரு இது?" என்று கேட்டாள். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. நோட்டில் பதினேழு என்ற எண் இருக்கிறது, பக்கத்தில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. ஆணா பெண்ணா என்றுகூடக் கிடையாது. நாற்பத்தொரு விரல்களைக் குத்திய எனக்கு ஒரு முகமும் அந்த எண்ணோடு ஒட்டவில்லை.

சந்தையில் போய்ப் பதினேழு யார் என்று கூவினால் பீதிதான் கிளம்பும். துறைத்தலைவரோடும் பேசி மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். எந்தப் படத்தைக் காட்டவே கூடாது என்று நான் நினைத்தேனோ அதையும் மற்றதோடு மற்றதாகக் காட்டுவது. புகைப்படம் வாங்கச் சீட்டோடு ஆள் வருவார். அப்போது பிடித்துக்கொள்வது. அதுவரை மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினோம். மூட்டைகள் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் படம் விழுந்ததும் சிவப்பு அணுக்களைப் பார்த்து ஒருவர், "ஏ மாப்ள, இம்புட்டு வடையும் ஒனக்குள்ளயா இருக்கு?" என்று கத்த, சந்தையே சிரித்தது. ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கை உயர்ந்தது. பதினேழு வந்தது. நீலமும் ஊதாவுமாகத் துணி நிறைந்திருந்தது. "இதுதாம்ப்பா டாப்பு" என்றது ஒரு குரல். முன்வரிசையில் கத்தரிக்காய்க் கடைக்காரர் சீட்டை உயர்த்திக் காட்டி, "நம்மளுதுதான்" என்றார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உடம்பு, பெரிய குரல்.

அவரை ஓரமாகக் கூட்டிப் போனேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அண்ணே, ஒங்க கண்ணாடியில சாயம் சரியாப் பிடிக்கல. இன்னொரு துளி வேணும்" என்றேன்.

"அதுக்கென்ன, எடுங்க. அப்படியே குரூப்பும் பாத்து எழுதிக் குடுத்துருங்கம்மா, அன்னைக்குச் சொன்னது மறந்துபோச்சு."

குழல்விளக்கு வெளிச்சத்தில் துளியில் கொஞ்சத்தைப் புதுக் கண்ணாடித் தகட்டில் தடவிவிட்டு, மீதியை மூன்றாகப் பிரித்து மருந்து விட்டேன். மஞ்சள் மருந்திலும் நிறமில்லாத மருந்திலும் ரத்தம் திரிதிரியாகத் திரண்டது. பி பாசிட்டிவ். அட்டையில் எழுதிக் கொடுத்தேன். என் மனசு முழுக்கக் கண்ணாடித் தகட்டில் இருந்ததால் வேறெதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கல்லூரி திறந்ததும் சாயம் ஏற்றிப் பார்த்தேன். சுத்தமான ரத்தம்! குறை சொல்ல ஓர் அணு இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். முதல் தகட்டில் சாயம்தான் கெட்டிருக்க வேண்டும், நான்தான் பயந்துபோய்விட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டுவது அவ்வளவு சுகமாக இருந்தது. நோட்டைத் திறந்து பதினேழுக்கு எதிரே 'சரியாக உள்ளது' என்று எழுதப் போனேன். அங்கே ஓ பாசிட்டிவ் என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பதினேழாவது தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பரவைக்கு ஓடினேன். கத்தரிக்காய்க் கடைக்காரர் என்னைக் கண்டதும் உற்சாகமாகக் கையாட்டினார்.

"அண்ணே, நேத்து வச்சிருந்தது ஒங்க சீட்டுதானா?"

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "கோவிச்சுக்கிறாதீக. என் சீட்டு தண்ணியில நனைஞ்சு கூழாப் போச்சு. எதுத்த கடை வெங்காயக்காரம்மா தனக்கு வேண்டாம்னு தன் சீட்ட எனக்குக் குடுத்துச்சு. படந்தான, யாருக்குக் கெடைச்சா என்னன்னு இருந்துட்டேன்."

எதிரே வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "என் ரத்தத்த ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டுறது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சும்மா. அதான் அண்ணங்கிட்ட தள்ளி விட்டேன். தப்பா?"

"தப்பே இல்லக்கா. கழுத்துல என்ன?"

"போன வாரம் பூராக் காச்சல். தொண்டை எரிச்சல். இந்தா, நெறி கட்டிக் கெடக்கு."

துண்டை விலக்கிக் காட்டினார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. நெறி கட்டுவது சாதாரணக் காய்ச்சலுக்கும் உண்டு, நான் பயந்துகொண்டிருந்த நோய்க்கும் உண்டு. இந்த முறை பொய் சொல்லவில்லை. "அக்கா, ஒங்க ரத்தத்துல சில அணு வேற மாதிரி தெரியுது. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு டாக்டர் பாக்கணும். நானும் கூட வாரேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பயப்படுற மாதிரியா?"

"தெரியலக்கா. அதான் இன்னைக்கே போகலாங்குறேன்."

அவர் எழுந்து சேலையை உதறினார். "அண்ணே, கடையப் பாத்துக்கங்க. போயிட்டு வாரேன்" என்றார். கத்தரிக்காய்க்காரர் வெங்காயக் கடைக்கு மாறி உட்கார்ந்தார்.

பழைய மருத்துவமனைக்கே போனோம். வேலையை விட்ட பிறகு அந்தப் படி நான் ஏறியதில்லை. ரத்த நோய் பார்க்கிற டாக்டரம்மா அதே அறையில், அதே நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்தார். வெங்காயக்காரக்காவின் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தார். புதிதாக ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த ரிப்போர்ட் வரும் வரை பழைய தகட்டை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பியபடியே இருந்தது.

"இத எப்பப் பாத்த?" என்றார் என்னிடம், கண்ணை எடுக்காமல்.

"செவ்வாக்கிழம மேடம்."

"அன்னைக்கிருந்து தூங்கல போல." நிமிர்ந்து சிரித்தார். "வா, இங்க வந்து பாரு. பெருசுதான், நீலந்தான். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா? நீ பயந்த நோயில எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே சாயல்ல இருக்கும். இது ஒவ்வொண்ணும் ஒரு உருவம். வைரஸ் காய்ச்சலோட சண்டை போட்டுட்டு நிக்கிற அணு. தட்டணுவும் நல்லாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் வந்த ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. வெங்காயக்காரக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லயா?"

"காய்ச்சல் வந்துச்சு, போயிட்டிருக்கு. மூணு வாரம் கழிச்சு ஒரு தடவ ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நெறி அதுக்குள்ள வத்தணும்."

அவர் தலையாட்டினார். நான்தான் அழுதுவிட்டேன். அவ்வளவு பெரிய டாக்டருக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். வெங்காயக்காரக்கா கழுத்துத் துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். வெங்காய வாடையில் கண் இன்னும் எரிந்தது. டாக்டர் உட்பட மூவரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா, "நானும் பாக்கலாமா?" என்று நுண்ணோக்கியைக் காட்டிக் கேட்டார். டாக்டர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "சண்டை போட்டது இதுகதானா? எம்புட்டு இருக்கு!" என்றார். அதில் பெருமை இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பியபோது பெங்களூர்ப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவள் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அன்று மாலையே இருவரும் துறைத்தலைவரிடம் போனோம். இனி யாரிடம் ரத்தம் எடுத்தாலும், ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டுமா என்று முதலிலேயே கேட்பது, வேண்டும் என்கிறவர் பெயரை அவருடைய பூட்டிய அலமாரியில் வைப்பது, எல்லாரும் பார்க்கப் படம் காட்டச் சம்மதமா என்பதைத் தனியாகக் கேட்பது என்று முடிவாயிற்று. அதற்கப்புறம் அவள் அலங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்திலும் படம் காட்டினாள். அங்கே நான் பயமில்லாமல் குத்தினேன். படம் வேண்டாம், குரூப்பு மட்டும் போதும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவள் அதற்காக வருத்தப்படவில்லை. மீதிப் பேரின் ரத்தத்தை வைத்தே இருபது நிமிடம் ஓட்டினாள்.

மூன்று வாரம் கழித்து நானும் வெங்காயக்காரக்காவும் மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். நெறி வற்றியிருந்தது. டாக்டர் புதுத் தகட்டை எனக்கும் ஒருமுறை காட்டினார். எந்தப் புத்தகத்திலும் போடுகிற மாதிரியான சாதாரண ரத்தம், ஓவியக்காரி அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். எனக்கோ கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. "பஸ்ஸு கெடக்கட்டும், வா" என்று அக்கா என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து ஒரு பருத்திப்பால் வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். சுடச்சுட, சுக்கும் ஏலமும் மணக்க, தேங்காய்த் துருவல் தூவிக் கொடுத்தார்கள். நான் ஒன்றைக் குடித்து முடித்ததும் இன்னொன்று கேட்டு வாங்கினேன். அக்கா தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, வெங்காயம் அழுகுவதைப் பற்றி, கத்தரிக்காய்க்காரர் அன்றைக்கு வெங்காயத்தைத் தப்பாக எடை போட்டுவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பரவை பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. இருவருமே அதை நிறுத்தக் கை காட்டவில்லை.